தேக்கும் எண்ணெயும்: செட்டிநாட்டில் ஐந்து நாள்

முதல் நாள்: காரைக்குடி

பல்லவன் விரைவு வண்டி காரைக்குடிச் சந்திப்பில் வந்து நின்றபோது இரவு பத்து மணியை நெருங்கியிருந்தது. மாசி மாதத்துக் குளிர் இன்னும் முழுதாக விலகவில்லை. நடைமேடையில் என்னுடன் இறங்கியவர்களில் பாதிப்பேர் கையில் பெரிய பெட்டிகள் இருந்தன. நெகிழித் தாளால் இறுகச் சுற்றி, பெயரையும் கைப்பேசி எண்ணையும் தடித்த மையால் எழுதிய பெட்டிகள். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவர்களின் பெட்டிகளை எங்கே கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். 22 ஆண்டுகள் நானும் அப்படித்தான் ஊருக்கு வந்து போனேன்.

குவைத்தில் எண்ணெய் வயல்களுக்கு ஆட்களும் கருவிகளும் அனுப்பும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தேன். 2014 ஜூன் மாதத்தில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த ஒன்றரை ஆண்டில் எங்கள் அலுவலகத்தில் மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. என் முறை வந்தபோது மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. பணிக்கொடையில் பாதிதான் கைக்கு வந்தது. அந்த வருத்தம் எனக்கு ஆறிவிட்டது. ஆனால், உலகின் பெரும் எண்ணெய் வயல்களுள் ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு நாட்டில், ஒரு பொருளின் விலை இறங்கியதும் இத்தனை பேருடைய அடுப்பு எப்படி அணைந்தது என்ற கேள்வி மட்டும் ஆறவில்லை.

அந்தக் கேள்வியோடு செட்டிநாட்டுக்கு ஏன் வரவேண்டும் என்று என் மகள் கேட்டாள். ஒரே ஊற்றிலிருந்து வந்த பெருஞ்செல்வம் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்க்க, தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இங்கே அந்த ஊற்று எண்ணெய் அன்று, பர்மாவின் நெல். மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

இரண்டாம் நாள்: கானாடுகாத்தான்

காலையில் நண்பர் ஒருவரின் உறவினர் வீட்டுக்குப் போனோம். தெருவுக்குத் தெரு நீளும் வீடு: முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கதவுகள் ஒரே நேர்கோட்டில் திறந்துகொண்டே போகின்றன. வளவு என்னும் நடுமுற்றத்தின் தூண்கள் பர்மாத் தேக்கு. ஒரு தூணை இரு கைகளாலும் அணைத்துப் பார்த்தேன், விரல்கள் தொட்டுக்கொள்ளவில்லை. நூறாண்டு கடந்தும் அதில் ஒரு வெடிப்புக்கூட இல்லை.

ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடு அது. முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்காக இப்போது திறந்திருந்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பங்காளிகள் வந்திருந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி வளவில் சாய்ந்து உட்கார்ந்து, வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் கணக்கர் என்று நண்பர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"கணக்குப் பாக்குற தம்பியா? அப்ப எங்க ஐயா பேரேட்டப் பாக்கணும்ல" என்று சொல்லி, பேரனை அனுப்பிப் பெட்டகத்திலிருந்து மூன்று கட்டுகளை எடுத்து வரச் செய்தார்.

பெட்டியடி என்று சொல்லும் சாய்வுமேசையின் மேல் அதை வைத்து நிதானமாகத் திறந்தேன். நீளவாக்கில் தைத்த தடித்த தாள். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம், இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று, எண்களெல்லாம் தமிழ் எண்கள். மை பழுப்பேறியிருந்தாலும் ஒரு கோடும் அழியவில்லை. ஐராவதி முகத்துவாரத்து ஊர் ஒன்றில் இருந்த கடையின் கணக்கு அது. ஒவ்வொரு கணக்கு முடிவிலும் "ஸ்ரீ தண்டாயுதபாணி மகமை" என்று ஒரு பற்றுவழி இருந்தது. லாபம் பங்காளிகளுக்குப் பிரிவதற்கு முன்பே சாமிக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கு கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பாடசாலைக்கும். இன்றைய கணக்கியலில் இதற்குச் சொல்ல ஆயிரம் பெயர் உண்டு. மகமை என்ற சொல் அவையெல்லாவற்றையும்விடத் துல்லியமானது, ஏனென்றால் எடுத்த பிறகு எஞ்சியதைத் தருவது மகமை ஆகாது.

பர்மாவில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், போட்ட மூலதனம் சிறியதன்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. முகத்துவாரத்துச் சதுப்புக் காடுகளை வெட்டி வயலாக்கக் குடியானவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது. வெள்ளைக்கார வங்கிகள் கொடுக்கத் தயங்கிய அந்தக் கடனை இவர்கள் கொடுத்தார்கள். நடப்பு வட்டியை இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1930இல் அறிக்கை தந்தபோது அந்நாட்டில் செட்டியார்களின் முதலீட்டை 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி.

பிறகு உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. நெல்விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. கடன் வாங்கிய குடியானவர் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் பெயருக்கு வந்தது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் 6 விழுக்காடு நிலம் இருந்தது. 1937க்குள் அது 25 விழுக்காடாகியது. கேட்பதற்குச் செல்வம் பெருகியதுபோல இருக்கும். பேரேட்டில் பார்த்தால் நேர்மாறு. 1929ஆம் ஆண்டுப் பக்கங்களில் வரவு அடர்த்தியாக இருக்கிறது. 1931க்குப் பிறகு வரிகள் குறைந்து, "நிலம் வகையில்" என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. எடுத்துவர முடியாத, விற்க ஆளில்லாத நிலம். அந்த நிலத்தை உழுத பர்மியக் குடியானவர்களுக்கு அது பறிபோன நிலம். அவர்களுடைய கோபம் நியாயமானது என்பதையும் இந்தத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1942இல் சப்பானியப் படை வந்தது. அசாம் மலைகள் வழியே நடந்து வந்தவர்களில் பலர் ஊர் சேரவில்லை. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1963இல் நே வின்னின் இராணுவ ஆட்சி வங்கிகளை எடுத்துக்கொண்டது. ஆச்சியின் ஐயா எதையும் பேசமாட்டாராம். "கட்டுத்துணியோட வந்தாக. ஆனா இந்தப் பேரேட்ட மட்டும் விடல" என்றார் ஆச்சி.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அன்று வேறு எங்கும் போக மனமில்லை. இரவு அறைக்கு வந்து இந்தப் பதிவை எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அதே பர்மாவில், யெனாஞ்சாவ் வயல்களில், பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி போட்ட பணத்தில்தான் 1908இல் பாரசீகத்தின் மஸ்ஜித் இ சுலைமானில் மேற்காசியாவின் முதல் பெரும் எண்ணெய்க் கிணறு பொங்கியது. அதிலிருந்து பிறந்த ஆங்கிலோ பெர்சியன் கம்பெனி, அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து 1934இல் குவைத் ஆயில் கம்பெனியைத் தொடங்கியது. 1938இல் புர்கானில் எண்ணெய் கண்டது. நான் 22 ஆண்டுகள் வாங்கிய சம்பளத்தின் வேரும், இன்று நான் அணைத்துப் பார்த்த தூணின் வேரும், ஒரே நாட்டு மண்ணில் போய் முடிகின்றன.

மூன்றாம் நாள்: ஆத்தங்குடி

இன்றைய நாளைப் பூக்கல் செய்யும் ஒரு பட்டறையில் கழித்தேன். ஆத்தங்குடிக் கல் என்று ஊர் அறிந்த தரைஓடு. இரும்பு அச்சின் அடியில் கண்ணாடித் துண்டை வைக்கிறார்கள். அதன் மேல் பூவடிவத் தகட்டைப் பொருத்தி, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் எதுவும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் நிற்கும் கணம் வரைக்கும் காத்திருந்து தகட்டைத் தூக்குகிறார்கள். அதன் மேல் உலர்ந்த கலவை, பிறகு ஈரச் சாந்து. ஒரு நாள் உலர்ந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குள் பல நாள் கிடக்கிறது. எடுத்துக் கண்ணாடியைப் பிரிக்கும்போது முகம் பார்க்கும் பளபளப்பு. அந்தப் பளபளப்புக்கு மெருகு எண்ணெய் கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு இறங்குகிறது, அவ்வளவுதான்.

என் கவனத்தைப் பிடித்தது சூளை இல்லாததுதான். செங்கல்லும் பீங்கான் ஓடும் தீயில் வேக வேண்டும்; இது வெயிலிலும் தண்ணீரிலும் பதம் பெறுகிறது. சிமெண்டு எங்கோ ஓர் ஆலையில் எரிபொருளை விழுங்கித்தான் வருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் இந்த வறண்ட மண்ணில் வாழ்ந்தவர்கள் வீட்டைக் கட்டிய விதம் முழுவதிலும் ஒரு சிக்கனம் இருக்கிறது. சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர், மேலே வெப்பம் வெளியேறும் வளவு, தடித்த மதில். நண்பகலில் வெளியே தார்ச்சாலை கண்ணைக் கூசவைத்தது. உள்ளே பூக்கல்லில் வெறுங்காலை வைத்தால் குளிர்ந்தது. கூரையிலிருந்து விழும் மழைநீரை வளவின் நான்கு மூலைகளிலும் பிடித்து அண்டாக்களில் சேர்த்தார்கள். மிஞ்சியது தெரு வடிகால் வழியே ஊரணிக்குப் போகும்படி ஊரையே வகுத்திருந்தார்கள். குடிக்கும் ஊரணி வேறு, குளிக்கும் ஊரணி வேறு. குடிக்கும் ஊரணியில் காலை நனைத்தால் ஊரே கேட்கும்.

இதைப் பார்த்தபோது குவைத்து வீடு நினைவுக்கு வந்தது. அங்கே கோடையில் வெப்பம் 50 டிகிரியைத் தொடும். மின்சாரத்தின் பெரும்பகுதியைக் குளிர்சாதனங்கள்தாம் விழுங்கும். ஓர் அலகுக்கு நாங்கள் செலுத்திய கட்டணம் 2 ஃபில்ஸ்; அன்று நம் காசில் 50 பைசாவுக்கும் குறைவு. 1966இல் வைத்த கட்டணம். உற்பத்திச் செலவு அதைப்போலப் பல மடங்கு. மீதியை அரசு எண்ணெய்ப் பணத்திலிருந்து கொடுத்தது. எங்கள் குடியிருப்பில் விடுப்புக்கு ஊருக்குப் போகும்போதுகூடக் குளிர்சாதனத்தை அணைக்காமல் போவது வழக்கம். திரும்பி வரும்போது வீடு சூடாக இருக்கக்கூடாது என்பது காரணம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு பொருளின் விலையை மறைத்துவிட்டால் அதன் மதிப்பு கையை விட்டே போய்விடுகிறது.

அதன் விளைவு 2009இலேயே தெரிந்தது. எண்ணெய் விற்கும் அந்த நாடு, கோடைக்கால மின்சாரத்துக்காகத் திரவ இயற்கை எரிவாயுவை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வாங்கத் தொடங்கியது. 2024 ஜூனில் நேரம் குறித்து மின்வெட்டு செய்யும் நிலையும் வந்தது. அங்கிருக்கும் நண்பர் அன்று அனுப்பிய குரல்பதிவில் அவர் சொன்னதைவிடப் பின்னணியின் அமைதிதான் எனக்கு அதிகம் கேட்டது. அந்த நகரத்தில் குளிர்சாதனத்தின் இரைச்சல் இல்லாத நொடியை நான் அறிந்ததே இல்லை. ஷகாயா பாலைவனத்தில் சூரிய ஒளியும் காற்றும் கொண்டு எழுப்பிய முதல் கட்ட நிலையத்தின் திறன் 70 மெகாவாட்டு. நம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் எழுந்த சூரிய மின்நிலையம் 648 மெகாவாட்டு. வெயில் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். பணம் அவர்களிடம்தான் அதிகம். தடுப்பது என்ன என்றால், வீட்டுக்காரருக்குத் தெரியும் விலை 2 ஃபில்ஸாக இருக்கும்வரை யாரும் கூரைமேல் ஒரு தகடு வைக்கக் கணக்குப் போடமாட்டார்கள் என்பதுதான்.

மாலையில் ஊரணிக் கரையில் நடந்தேன். படித்துறை ஒன்று இடிந்திருந்தது. வரத்துக்கால் ஒன்றை வீடு கட்டி அடைத்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்த பிறகு ஊரணியைக் காக்கும் கண்கள் குறைந்துவிட்டன என்று பட்டறைக்காரர் சொன்னார். "கேட்க ஆளில்லண்ணே" என்றார். பொதுச் சொத்தைக் கெடுப்பதற்கு அந்த மூன்று சொற்கள் போதும். ஊரணிக்கும் எண்ணெய் வயலுக்கும்.

நான்காம் நாள்: அழகப்பர் மண்

காரைக்குடியில் கல்லூரிச் சாலையில் ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு மனிதர் என்ன செய்துவிட்டுப் போனார் என்பது தெரியும். இராம. அழகப்பச் செட்டியார் 1909இல் கோட்டையூரில் பிறந்தார். 1957இல், 48ஆவது வயதில் மறைந்தார். 1947இல் கல்லூரி தொடங்கினார். அவர் வளர்த்த கல்வி நிறுவனங்கள் 1985 முதல் அழகப்பா பல்கலைக்கழகமாக நிற்கின்றன. மைய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்றை இந்திய அரசு எங்கே அமைப்பது என்று பேசியபோது, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன், இங்கே வாருங்கள் என்றார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கல் நாளில், இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பெருநகரம் எதுவும் அருகில் இல்லாத இந்தச் செம்மண் காட்டில் இன்று மின்கலங்களிலும் எரிபொருள் கலங்களிலும் உலோகத் துருவைத் தடுக்கும் வழிகளிலும் ஆய்வு நடக்கிறது.

உள்ளே போக அனுமதி கேட்கவில்லை. வாயிலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆய்வு மாணவர்கள் இருவர் லித்தியம் மின்கலத்தின் ஒரு முனையைப் பற்றி, யார் முதலில் பேசுவது என்று தெரியாத வேகத்தில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்தது பாதிதான். ஒரு பெண், வடை எண்ணெய் பட்ட தாளின் பின்புறத்தில் மளமளவென்று வரைபடம் போட்டு, "இந்த இடத்துலதான் கொள்திறன் விழுது" என்று விரல்வைத்துக் காட்டினாள். பர்மாவிலும் மலேயாவிலும் சேர்ந்த செல்வத்தின் ஒரு பங்கு எழுபது ஆண்டுகள் கடந்து இந்தத் தாளில் வந்து நிற்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கணக்கர் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நிலத்தடி எண்ணெயை விற்று வரும் பணத்தை நாடுகள் வருமானம் என்று எழுதுகின்றன. அது வருமானம் அன்று. நிலத்தை விற்றுச் சாப்பிடுகிறவன் கையில் வரும் காசை அந்த ஆண்டு விளைச்சல் என்று எழுதினால் எந்தப் பேரேடும் ஒத்துவராது. மூலதனத்தை வேறு மூலதனமாக மாற்றாதவரை அது தேய்கிறது என்றுதான் பொருள். நகரத்தார் ஐந்தொகை போட்டபோது முதல் வேறு, வட்டி வேறு என்பதில் மயக்கமே இல்லை. பர்மாவில் அவர்கள் தவறியது வேறோர் இடத்தில்: முதல் முழுவதையும் ஒரே நாட்டில், ஒரே பயிரின் விலையில், தாம் வாக்களிக்க முடியாத ஓர் அரசின் கீழ் போட்டார்கள். 1937 பிப்ரவரி 10ஆம் நாள் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. இடரைப் பல ஊர்களுக்குப் பிரிக்கத் தொடங்கிய அறிவு அது. ஆனால் பேரேட்டின் பக்கங்கள் அதற்குள் மாறிவிட்டிருந்தன.

குவைத்து அந்தப் பாடத்தை நெல் இல்லாமல் தானே கற்றுக்கொண்டது. எண்ணெய்க்கு முன் அந்தக் கரை முத்துக்குளித்து வாழ்ந்தது. நம் மலபார்த் தேக்கில் கப்பல் கட்டிக் கடலுக்குப் போனது. 1930களில் சப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. அந்த நினைவு இருந்ததனால்தானோ என்னவோ, 1953இல், விடுதலைக்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, எண்ணெய்ப் பணத்தை வெளியே முதலீடு செய்ய ஒரு வாரியத்தை அமைத்தார்கள். 1976இல் எதிர்காலத் தலைமுறைக்கு ஒரு நிதி வைத்து, அரசு வருவாயில் 10 விழுக்காட்டை ஆண்டுதோறும் அதில் சேர்க்கச் சட்டம் போட்டார்கள். மகமை போலவே, பிரிப்பதற்கு முன் ஒதுக்கிய பங்கு. 1990 ஆகஸ்டில் ஈராக் படை நுழைந்தபோது நாடு இழந்த அரசுக்கு உண்ண உடுக்கக் கொடுத்ததும், பிறகு எரிந்த கிணறுகளுக்கு நடுவே நாட்டை எழுப்பியதும் அந்தப் பணம்தான். இதை அங்கே வாழ்ந்தவன் என்ற நன்றியோடு எழுதுகிறேன்.

ஆனால் நிதி மட்டும் போதவில்லை. வேலைக்குப் போகும் குடிமக்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள். சம்பளமும் மானியமும் ஏறினால் இறங்காது. விலை சரிந்த ஆண்டுகளில் பற்றாக்குறை தொடர்ந்தது. 2020இல் பற்றாக்குறை ஆண்டுகளில் அந்த 10 விழுக்காட்டைச் சேர்க்க வேண்டியதில்லை என்று சட்டத்தை மாற்றினார்கள். கடைசியில் நின்றுபோனது மகமை.

நோர்வே இதில் வேறுவிதமாக நடந்தது. 1969இல் வடகடலில் எக்கோஃபிஸ்க் வயலைக் கண்டபோது அந்நாட்டிடம் எண்ணெய் அறிவு இல்லை. அதற்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் பாசுராவில் பிறந்த ஃபாரூக் அல் காசிம் என்ற ஈராக்கிய நிலவியலாளர். தம் மகனின் மருத்துவத்துக்காக 1968இல் அங்கே போனவர். குவைத்து எல்லைக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் பிறந்த ஒருவர் நோர்வேக்குச் செய்ததை அவருடைய நாடு செய்துகொள்ள முடியாமற்போனதை நினைத்தால் மனம் கனக்கிறது. எண்ணெயிலிருந்து வரும் நிகர வருவாய் முழுவதும் நிதிக்குப் போக வேண்டும், அதிலிருந்து நாடாளுமன்றம் எடுக்கலாம், எடுப்பது நிதியின் எதிர்பார்க்கும் ஆதாயத்துக்குள் இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். 2001இல் அந்த அளவு 4 விழுக்காடு. 2017இல் 3 ஆகக் குறைத்தார்கள். வட்டியைத் தின்னலாம், முதலைத் தொடக்கூடாது. நிதி இன்று ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எந்தக் கம்பெனியில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்கார். பிறருக்கு எண்ணெயை விற்றுக்கொண்டே தாம் மட்டும் மாறுகிறார்களே என்ற கேள்வி நியாயமானது, எனக்கும் உண்டு.

மறுபுறம் நைஜீரியா. 1956இல் ஒலோய்பிரியில் எண்ணெய் கண்ட நாடு, பல ஆண்டுகளாகச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடாமல் பெட்ரோலை இறக்குமதி செய்து, அதற்கு மானியமும் கொடுத்தது. ஓகோனி மண்ணில் கசிந்த எண்ணெயைத் துடைக்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் சொன்னது. வெனிசுவேலாவில் 2019 மார்ச்சில் நாடு முழுவதும் நாள்கணக்கில் இருட்டு. எண்ணெய் இல்லாததனால் அன்று, கேட்க ஆளில்லாததனால்.

ஐந்தாம் நாள்: தேவகோட்டைச் சாலை

காலையில் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசிச் சோறும் உண்டு புறப்பட்டேன். கவுனியும் பர்மாவிலிருந்து வந்ததென்று சொல்வார்கள். நிலம் போனது, அரிசி தங்கிவிட்டது.

தேவகோட்டைக்குப் போகும் வழியில் கண்மாய்கள் இருபுறமும் சீமைக்கருவேலத்தால் மூடிக் கிடந்தன. ஓரிடத்தில் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். வெட்டிய கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் பூசி, அடியில் சிறு துளைகள் விட்டு மெதுவாகப் புகைய விடுகிறார்கள். புகை வெள்ளையாக வரும்வரை ஈரம் போகிறது, நீலமானதும் மூட்டத்தை மூட வேண்டும் என்று அங்கிருந்த பெரியவர் சொன்னார். ஒரு துளை பெரிதானாலும் உள்ளே எல்லாம் சாம்பல். இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டுமாம். வயல் இருந்த இடத்தில் முள் வளர்ந்ததற்குக் காரணம் கேட்டேன். "உழுவுறதுக்கு ஆளு எங்க சாமி? எல்லாரும் வெளிநாடு. கூலி ஏறிப்போச்சு, நெல்லு வெல ஏறல" என்றார்.

1959இல் குரோனிங்கனில் பெரும் எரிவாயு வயலைக் கண்டபின் நெதர்லாந்தின் தொழில்கள் நலிந்ததை வைத்து இந்தக் கோளாறுக்கு ‘தி எக்கானமிஸ்ட்’ இதழ் டச்சு நோய் என்று பெயரிட்டது: வெளியிலிருந்து வரும் பணம் கூலியையும் நிலவிலையையும் ஏற்றி, உள்ளூரில் விளைவதையும் செய்வதையும் கட்டுபடியாகாமல் செய்துவிடும். பெயரை அறியாமலே பெரியவர் அதைச் சொல்லி முடித்துவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இயந்திரவியல் பட்டயம் படித்தவர். ஒரு வளைகுடா நாட்டின் சுத்திகரிப்பு நிலையத்தில் குழாய் பொருத்தும் வேலைக்கு விசா வரக் காத்திருக்கிறார். நான் அங்கே இருந்தவன் என்று அறிந்ததும் ஒப்பந்தத் தாளை எடுத்துக் காட்டினார். பணிக்கொடைப் பத்தியை இருமுறை படித்துக் காட்டினேன். எந்தத் தேதியிலிருந்து கணக்கு தொடங்குகிறது என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

2023 டிசம்பரில், துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில், புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகிச் செல்வது என்ற சொற்களை உலக நாடுகள் முதன்முறையாக உடன்பாட்டில் எழுதின என்று அவரிடம் சொன்னேன். "அப்ப எத்தன வருஷம்ணே ஓடும் இந்த வேல?" என்று நேராகக் கேட்டார். எனக்கும் உனக்கும் எண் தெரியாது தம்பி, 1929இல் பர்மாவில் இருந்தவர்களுக்கும் தெரியாது என்றேன். அங்கே போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தப் பணத்தில்தான் என் மகள் படித்தாள்.

என் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து இரண்டு பத்தியாகக் கோடு போட்டேன். சம்பளம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பும் முன் எழுதவேண்டிய முதல் வரியை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தச் சொல்லை வாசித்துவிட்டு, "மகமையா? எங்க அப்பத்தா சொல்லும், கோயில் வரின்னு நெனச்சேன்" என்றார். பேரேட்டில் கண்டதைச் சொல்லத் தொடங்கினேன். தேவகோட்டைப் பேருந்து வந்துவிட்டது. ஏறி, நின்றுகொண்டே மீதியைச் சொன்னேன்.